கருங்காலி யாருன்னு கண்டுபுடி

வா தொரை, குந்து. அந்த ஸ்டூலு ஒரு பக்கம் ஆடும், சொவத்துல சாஞ்சி குந்து. இன்னா, ரெண்டு கையும் கோடு கோடா கீது? கண்ணாடி சில்லு ஒட்டன காம்பவுண்டு சொவுரு ஏறி குதிச்சியா? நாய்க்குட்டியா! அதுவும் லாப்ரடாரா! அடேங்கப்பா. ஊட்ல நாலு பேரு காலு நீட்டி படுக்க எடமில்ல, அஞ்சாவதா ஒருத்தர இட்டுகினு வந்துகீற. பெரிய மனசு தான் ஒனக்கு.

கடிக்குது தாத்தா, கடிக்குது தாத்தான்னு பொலம்பற. நாய்க்குட்டி கடிக்காம பின்ன பாட்டா பாடும்? பாட்டு வோணும்னா பிராட்வே ஞாயித்துக்கெயம சந்தையில லவ் பேர்ட்ஸ் வாங்கி இருக்கலாமே. மலிவாவும் முடிஞ்சிருக்கும், பொஞ்சாதி கிட்ட திட்டும் வாங்கி இருக்க மாட்ட.

எங்க வாங்கன? பல்லாவரம் வெள்ளிக்கெயம சந்தையா? எத்தினி நாளு குட்டின்னு சொன்னான்? இரு இரு, நீ சொல்லாத, நானே சொல்றேன். 45 நாளு. கரெக்டா? நான் ஜோசியம் பாக்கறவன் இல்ல கண்ணு. தமிழ்நாட்டுல விக்கிற நாய்க்குட்டிக்கி எல்லாம் ஒரே வயசு தான். ஒரு மாசத்து குட்டியும் 45 நாளு, விக்காம தங்கிப்போன ரெண்டு மாசத்து குட்டியும் 45 நாளு. சட்டத்துல இன்னா போட்டுகீது தெரியுமா? நாய் வளத்து விக்கிறவனுக்குன்னு 2017-ல சென்ட்ரல் கவர்மென்ட் ஒரு விதி கொண்டாந்துது. 8 வாரம் முடியாத குட்டிய விக்க கூடாது. 8 வாரம்னா 56 நாளு. 56-ல 45 போனா 11. அந்த 11 நாளு தான் இப்ப ஒன் கையில கோடு போட்டுகினு கீது.

எப்டின்னு கேளு. குட்டிக்கி மூணாவது வாரத்துல பால்பல்லு எட்டி பாக்கும். அப்பால கொஞ்ச வாரத்துலயே மொத்தம் 28 பல்லு மொளச்சிடும். ஏன் அத்தினியும் அம்மாம் கூரா கீது? தாடையில பலம் இல்ல, அதுக்கு தான். பலம் இல்லாத வாயி, ஆனா கூரான பல்லு. கடிச்சா எதிராளிக்கி சுருக்குன்னு வலிக்கும், பெரிய சேதாரம் ஆவாது. வலிச்சவன் கத்துவான், எயுந்து பூடுவான். அத்த பாத்து பாத்து தான் குட்டி தன்னோட வாயிக்கு எம்மாம் பலம்னு அளந்து கத்துக்குது. பெரிய பல்லும் பெரிய தாடையும் வரதுக்கு முன்னாடியே அந்த கணக்கு முடிஞ்சிடணும்.

நம்ம டிக்காஸ்டர் ரோட்டு டீக்கடையாண்ட ஒரு செவலை நாயி படுத்துகினு கெடக்கும், பாத்திருப்ப. போன வருசம் மீன்பாடி வண்டிக்கி கீய அஞ்சு குட்டி போட்டுது. நானு டீய ஆத்திகினு அத்த தான் பாத்துகினு குந்தி இருப்பேன், வேற இன்னா வேல எனக்கு. பால் குடிக்கும்போது ஒரு குட்டி பல்லு பட்டுதுன்னு வெச்சிக்க, அந்த தாயி இன்னா பண்ணும் தெரியுமா? அடிக்காது, கத்தாது. சொம்மா எயுந்து அந்தாண்ட போயி நிக்கும். அவ்ளோ தான். அஞ்சு குட்டியும் காம்பு நழுவன வாயோட ஙேன்னு பாத்துகினு குந்தி இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து அதுவே வந்து படுக்கும். மறுபடி பல்லு பட்டா மறுபடி எயுந்துக்கும். குட்டிங்க தங்களுக்குள்ள வெளாடும்போதும் இதே கத தான். ஒருத்தன் இன்னொருத்தன் காத ஓவரா கவ்விட்டான்னா, கடி வாங்கனவன் கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுட்டு ஆட்டத்துலேந்து கயண்டுக்குவான். கடிச்சவனுக்கு ஆட்டம் போச்சி. ரெண்டு மாசம் வரைக்கும் அந்த மீன்பாடி வண்டி கீய வளந்த குட்டி ஒண்ண எதுர் ஊட்டு பொண்ணு தூக்கினு போனா. அது கடிக்குதுன்னு அவ வந்து என் ஸ்டூல்ல குந்தனதே இல்ல. நீ ஆயிரம் ஆயிரமா குட்த்து வாங்கன ஜாதி நாயி கடிக்குது, ஓசியில வந்த டீக்கடை நாயி ஒயுங்கா கீது. வயிறு எரியுதா? எரியட்டும்.

அந்த தாய் நாய அப்பால கார்ப்பரேஷன் வண்டி வந்து பேசின் பிரிட்ஜ் கருத்தடை சென்டருக்கு இட்டுகினு போச்சி. ஆபரேஷன் பண்ணி, அடையாளத்துக்கு காது நுனிய கத்திரிச்சி, அதே டீக்கடையாண்ட கொண்டாந்து எறக்கி உட்டுது. முன்ன எல்லாம் நாய் வண்டி வந்துதுன்னா போன நாயி திரும்பாது. 1860-லேந்து இந்த ஊர்ல தெரு நாய புடிச்சி கொன்னுகினு தான் இருந்தாங்க. ப்ளூ கிராஸ்காரங்க 1964-லேந்து கருத்தடை பண்ணு, கருத்தடை பண்ணுன்னு சொல்லிகினே இருந்து, 1996-ல தான் கார்ப்பரேஷன் காதுல அது ஏறிச்சி. அத்த உடு, அது பெரிய கத. ஒன் கதைக்கி வரேன்.

நீ வாங்கன ஜாதிக்கி இன்னொரு வெவகாரமும் கீது. லாப்ரடார்னா பணக்காரன் பங்களா நாயின்னு நெனச்சிகினு கீற இல்ல? அதோட பாட்டன் பூட்டன் எல்லாம் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்துல மீனவன் கூட படகுல போன நாயிங்க. பனித்தண்ணில குதிச்சி வலைய இஸ்துகினு வரும், தப்பிச்ச மீன கவ்வினு வரும். அப்பால வெள்ளக்கார தொரைங்க சுட்ட பறவைய பொறுக்கியாற இட்டுகினு போனாங்க. தலமொற தலமொறையா வாயாலயே பொயச்ச சாதி அது. நம்ம காசிமேட்டுக்காரன் கிட்ட குட்த்திருந்தா இன்னேரம் ஒரு வேலை கெடச்சிருக்கும். நீ என்னடான்னா 10-க்கு 12 ரூம்புல போட்டு, வாய வெச்சிகினு சொம்மா இருன்ற. எப்டி இருக்கும்?

சரி, கடிச்சா ஊட்ல இன்னா நடக்குது? ஒண்ணு ஒண்ணா சொல்லு. பொஞ்சாதி நைட்டிய புடிச்சி இஸ்தா அவ 'அய்யோ உடு உடு'ன்னு கத்திகினு ரூம்ப சுத்தி ஓடறா. பையன் கைய நீட்டி நீட்டி காட்டிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். நீயி கைய வெடுக்குன்னு இஸ்துகினு 'ஏய், நோ, நோ'ன்னு இங்கிலீஸ்ல அதட்டற. பல்லாவரத்து நாய்க்கி இங்கிலீஸ் தெரியுமான்னு யாரும் யோசிக்கல. ஒன் மாமியா இன்னா பண்றாங்க? 'பாவம், பசிக்கிது போல கீது'ன்னு டீக்கடை பொறைய ஒடச்சி வாயில வெக்கிறாங்க. சபாஷ்! நாலு பேரும் நாலு தினுசுல அதுக்கு கூலி குட்த்துகினு கீறீங்க. கடிச்சா ஓட்டம் கெடைக்குது, சிரிப்பு கெடைக்குது, பேச்சு கெடைக்குது, பொறை கெடைக்குது. எந்த தொயிலாளியாவது கை நெறைய கூலி வர வேலைய உடுவானா? நாங்க உட்டோமா?

நானு மில்லு ஆளு. எங்க பின்னி மில்லு தொயிலாளிங்க 1918-ல, வாடியா தலைவரா இருக்க, திரு.வி.க. கூட நிக்க, சென்னை தொயிலாளர் சங்கம்னு ஆரமிச்சவங்க. இந்தியாவுலயே மொத மொத ஒயுங்கா அமைஞ்ச தொயிற்சங்கம் அதான்றாங்க. அந்த காத்துல வளந்தவன், கதவடைப்புன்ற வார்த்தைய கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனா ஒன் குட்டி விசயத்துல மட்டும் நானு மொதலாளி பக்கம். கதவ அடச்சிடு கண்ணு. சங்கத்துல போயி போட்டு குடுத்துடாத.

எப்டி அடைக்கிறதுன்னு சொல்றேன். பல்லு தோலு மேல பட்ட அந்த நிமிசமே எல்லாம் நிக்கணும். வெளாட்டு நிக்கணும், பேச்சு நிக்கணும், அது மூஞ்சிய கூட பாக்க கூடாது. கை வாயில மாட்டிகினா இஸ்துக்காத. இஸ்தா தான் கோடு வுயுது, அதுக்கும் கயிறு இயுக்கிற போட்டின்னு குஷி ஏறுது. கைய அப்டியே மரக்கட்ட மாதிரி வெச்சிக்க, புடி லூசாவும், எடுத்துக்க. எயுந்து வெளிய போ, கதவ சாத்து. மனசுக்குள்ள 30 எண்ணு. அம்மாம் தான். அரை மணி நேரம் பூட்டி வெச்சா, எதுக்கு பூட்டனான்னே அதுக்கு மறந்து பூடும். திரும்பி வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி வெளாடு. மறுபடி கடிச்சா மறுபடி வெளிய போ. அந்த செவலை பண்ணுதே, அதே தான். நாயிக்கி தெரிஞ்ச வித்தைய மனுசனுக்கு சொல்லி தர வேண்டியதா கீது.

எங்க ஊட்ல ஒரே ரூம்பு, எந்த கதவ சாத்தறதுன்னு கேப்ப. கேளு, அது நாயமான கேள்வி தான். இந்த நாய் வளக்கற புக்கு எல்லாம் தோட்டம் வெச்ச ஊட்டுக்காரன் எயுதனது. கே.பி. பார்க் அடுக்குமாடியில குந்திகினு எவனும் எயுதல. ஒனக்கு ரெண்டு வயி. பாத்ரூமுக்குள்ள நீ போயி கதவ சாத்திக்க, குட்டிய போடாத. நீ போவறது தான் தண்டனை, அது போவறது இல்ல. இல்லாங்காட்டி கட்டில் கால்ல மெத்துன்னு ஒரு பெல்ட்டு கட்டி வெச்சி, கடிச்சா அது எட்டாத தூரத்துக்கு நகந்து நின்னுக்க. ஆனா கட்டி போட்டுட்டு கடைக்கி போற பயக்கம் வோணாம். ஆளு இல்லாம கட்டி கெடந்த குட்டி, அவுத்ததும் ரெண்டு மடங்கு கடிக்கும்.

'கடிச்சா நாயி மாதிரியே கீச்சுன்னு கத்து'ன்னு யாரோ சொன்னாங்களா? கத்தி பாரு, தப்பில்ல. சில குட்டி அப்டியே நிக்கும். சில குட்டி அத்த கேட்டா இன்னும் ஜோரா பாயும், பொம்ம பேசுதுன்னு. ஒன்னுது எந்த ரகம்னு ரெண்டு தபாவுல தெரிஞ்சிடும். பாயிற ரகம்னா வாய மூடிகினு எயுந்து போ. ஒன் கீச்சு சத்தம் கேட்டு பக்கத்து ஊட்டுக்காரன் வேற ஓடியாருவான்.

அமெரிக்காவுல இயான் டன்பார்னு ஒரு மாட்டாஸ்பத்திரி டாக்டரு, இங்கிலாந்துக்காரரு, நாய்க்குட்டி பாடத்துலயே தல நரச்சவரு. அவரு சொன்ன ஒரு விசயம் எனக்கு ரொம்ப புடிக்கும். எடுத்ததும் வாயே வெக்காதன்னு சொல்லாத. மொதல்ல வலிக்கிற கடிய மட்டும் நிறுத்து. அது நின்னதும் அயுத்தற கடி. அதுவும் போனப்பால தான் சொம்மா வாய் வெக்கிறத. ஏன்னா நாள பின்ன என்னைக்காவது வாலு மேல யாரோ காலு வெச்சி, அது பட்டுன்னு திரும்பி வாய் வெச்சா கூட, பல்லு எறங்காம நிறுத்தற பயக்கம் அதுக்குள்ள ஊறி இருக்கணும். வாயே வெக்க தெரியாம வளந்த நாயிக்கி அந்த அளவு தெரியாது.

இப்ப கருங்காலிக்கி வரேன். ஸ்டிரைக்கு நடக்கும்போது பின்பக்கமா மில்லுக்குள்ள போறவன எங்க ஊர்ல இன்னா சொல்லுவாங்க? கருங்காலி. ஒன் ஊட்ல மூணு பேரு கதவ அடச்சி, ஒருத்தரு பொறை ஊட்டனா, மூணு பேரு அடச்சதும் வேஸ்ட்டு. சொல்ல போனா முன்னைய உட மோசம். பத்து தபா கடிச்சா ஒரு தபா கெடைக்குதுன்னு தெரிஞ்ச குட்டி பதினோராவது தபாவும் கடிச்சி பாக்கும். லாட்டரி சீட்டு வாங்கனவன் உட்டானா? அதனால ராத்திரி சோறு துன்னும்போது ஊட்ல எல்லாரையும் குந்த வெச்சி பேசு. மாமியா கிட்ட நீயே பேசு, எம் மேல பழிய போடாத. பொறை குடுக்க வேணாம்னு சொல்லாத, அவங்க மனசு நோவும். குட்டி சொம்மா குந்தி இருக்கும்போது குடுங்கன்னு சொல்லு. சொம்மா இருக்கறதுக்கு கூலி குடுக்கற ஒரே மில்லு ஒங்க ஊடா இருக்கட்டும்.

பையனுக்கு தனியா சொல்லணும். கொயந்த ஓடனா குட்டி தொரத்தும், தொரத்தனா கணுக்கால கவ்வும். அது வெளாட்டு, கோவம் இல்ல. கவ்வ வந்தா ஓடாத, கைய மாரோட கட்டிகினு மரம் மாதிரி நில்லு, மேல பாருன்னு சொல்லி குடு. நிக்கற மரத்த தொரத்தற நாயி இன்னும் பொறக்கல. இன்னொண்ணு, பையனையும் குட்டியையும் தனியா உட்டுட்டு யாரும் மாடிக்கி துணி காய போட போவ கூடாது. குட்டி மேல நம்பிக்க இல்லாம இல்ல. ஒன் பையன் மேல தான்.

வாய்க்கி வேல வோணும் இல்ல, அதுக்கு வேற பொருளு குடு. பயய லுங்கிய கியிச்சி முடிச்சி போட்டு கயிறு மாதிரி பண்ணு. நனச்சி ஃப்ரிட்ஜுல வெச்சி எடுத்து குடுத்தன்னா ஈறுக்கு இதமா இருக்கும். பெரிய கேரட்டு ஜில்லுன்னு குட்த்தாலும் கடிச்சிகினு கெடக்கும். பக்கத்துல இருந்து பாத்துக்க, துண்டு துண்டா முயுங்கிட போவுது. கை வெரல பொம்மையா ஆட்டி காட்டறது இன்னையோட க்ளோஸ். பயய செருப்ப மட்டும் குடுக்காத. பயய செருப்பு எது, தீவாளிக்கி வாங்கன புது செருப்பு எதுன்னு அதுக்கு பில்லு பாக்க தெரியாது. ஆட்டுத்தொட்டி பக்கத்துலயே கீதேன்னு எலும்பு பொறுக்கியாந்து போடாத. வேக வெச்ச எலும்பு, அதுவும் கோயி எலும்பு, சில்லு சில்லா ஒடஞ்சி கொடல கியிச்சிடும்.

சாயங்காலம் ஆனா பேய் புடிச்ச மாதிரி ஓடுது, அப்ப தான் அதிகமா கடிக்குதுன்ற. எப்ப தூங்குது அது? பையன் ஸ்கூல்லேந்து வந்தா தூக்கறான், அப்பால பக்கத்து ஊட்டு பசங்க வந்து தூக்கறாங்க, ராத்திரி நீ வந்து தூங்கறத எயுப்பி கொஞ்சற. அந்த வயசு குட்டி ஒரு நாளைக்கி 18 மணி நேரத்துக்கு மேல தூங்கணும். தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும். தூக்கம் கெட்ட நீ இப்ப என் கிட்ட கடுகடுன்னு பேசற இல்ல, அதே கணக்கு. கட்டிலுக்கு கீய ஒரு மூலைய அதுக்குன்னு ஒதுக்கு. அங்க படுத்தா அத்த யாரும் தொடக் கூடாது, முதலமைச்சரே வந்தாலும்.

இதெல்லாம் உட்டுட்டு ஒன் சேக்காளிங்க சொன்ன வைத்தியம் இன்னா இன்னா? வாயில மொளகா பொடி தடவு. மூக்கு மேல செருப்பால ரெண்டு போடு. வாய இறுக்கி புடிச்சிக்க. சோத்துல காரம் போடு, ரோஷம் வரும். ஆஹா! அவனுங்க கிட்டயே கேட்டு இருக்கலாமே, என் கிட்ட எதுக்கு வந்த? அடி வாங்கன குட்டி கடிய நிறுத்தாது, உறுமறத தான் நிறுத்தும். உறுமல்னா எச்சரிக்க. 'கிட்ட வராத, எனக்கு பயமா கீது'ன்னு அதுக்கு சொல்ல தெரிஞ்ச ஒரே வார்த்த. அதுக்கு அடி குட்த்து அந்த வார்த்தைய மறக்க வெச்சன்னா, பெருசானப்பால சொல்லாம கொள்ளாம கடிக்கும். அப்ப எல்லாரும் சொல்லுவாங்க, 'நல்லா தான் இருந்துது, திடீர்னு கடிச்சிடுச்சி'ன்னு. அந்த திடீர எத்தினி மாசமா செருப்பால அடிச்சி அடிச்சி வளத்தாங்கன்னு எவனும் சொல்ல மாட்டான்.

வெளாட்டு கடிக்கும் வேற கடிக்கும் வித்தியாசம் பாக்க தெரிஞ்சிக்க. வெளாடற குட்டி ஒடம்ப தளத்தி, முன்னங்கால மடக்கி, பின்பக்கத்த தூக்கி வாலாட்டும். ஒடம்பு வெறச்சி, கண்ணு நெலகுத்தி, சோத்து தட்டு பக்கத்துலயோ இல்ல ஒரு குறிப்பிட்ட எடத்துல தொட்டாலோ அடித்தொண்டையில உறுமி கடிச்சா அது வெளாட்டு இல்ல. காதுக்குள்ள உண்ணி கீதா, எங்கனா வலி கீதான்னு வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கி இட்டுகினு போயி காட்டு. 1903-லேந்து அங்க காலேஜே நடக்குது. நான் ஸ்டூல்ல குந்திகினு சொல்றத உட அவங்க சொல்றது ஒசத்தி.

பயத்துல கடிக்கிறது ஒண்ணு கீது. நம்ம ஊரு சத்தம் லேசுப்பட்டதா? பேசின் பிரிட்ஜுல ரயிலு, ரோட்டுல கண்டெய்னர் லாரி, வாரத்துக்கு ஒரு சாவு மோளம், கானா, வெடி. மூணாவது வாரத்துலேந்து மூணு மாசம் கிட்ட வரைக்கும் எத்தையெல்லாம் பாத்து கேட்டு பயகுதோ, அத்த பாத்து பெருசானப்பால அரளாது. அதனால இப்பவே தெனம் கொஞ்ச நேரம் தூக்கினு போயி தூரத்துலேந்து காட்டு. தூக்கினு தான் போவணும், எறக்கி உடாத. ஊசி எல்லாம் முடியாத குட்டிய தெருவுல உட்டா பார்வோ வந்து ரத்த ரத்தமா பேதியாயி ரெண்டே நாள்ல கூட பூடலாம். மய காலத்துல நம்ம தெருவுல தண்ணி நின்னா எலிக்காச்சலு வேற. 6-லேந்து 8 வாரத்துல மொத ஊசி ஆரமிக்கணும், மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி. நாய் வளக்கற லைசென்சுக்கும் அந்த ஊசி சீட்டு கேப்பாங்க. லைசென்ஸ் 50 ரூவா தான், ஆனா அது இல்லாம வளத்தா 5,000 ரூவா ஃபைன்னு 2025 கடைசியிலேந்து கார்ப்பரேஷன் கெடுபிடி பண்ணிகினு கீது, சிப்பும் வெக்க சொல்லுது. திரு.வி.க. நகர் கார்ப்பரேஷன் நாய் ஆஸ்பத்திரியில கேட்டுக்க.

எம்மாம் நாளு ஆவும்னு தானே கேக்க வர? நாலாவது மாசத்துலேந்து பால்பல்லு வுயும், தரையில அரிசி மாதிரி கெடக்கும், பயந்துக்காத. ஆறு ஏயு மாசத்துல 42 பெரிய பல்லும் வந்துடும். எல்லாரும் ஒத்துமையா இருந்தா கொஞ்ச வாரத்துலயே வலிக்கிற கடி கொறயும். நடுவுல பல்லு மொளைக்கிறப்ப ஒரு தபா பயயபடி ஏறும், அப்ப மாமியா பொறைய எடுக்காம பாத்துக்க வேண்டியது ஒன் பொறுப்பு.

இனிமே நான் தமாசு பேச போறது இல்ல. சட்டைய தூக்கு. தோளாண்ட இது ரத்தம் வந்த கடி. இதுக்கு இன்னா வெச்ச? காப்பித்தூளா? நல்லா கீது, பால் ஊத்தி குடிக்க வேண்டியது தானே. காப்பித்தூளு, சுண்ணாம்பு, மஞ்சளு, மொளகா பொடி எதுவும் வெக்க கூடாது. கடிச்ச ஒடனே கொழாயத் தொறந்து உட்டு, ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிசம் கயுவணும். குட்டி தானேன்னு நெனக்காத, குட்டிக்கும் ரேபிஸ் வரும். சந்தையில வாங்கனது, தாயி யாருன்னு தெரியாது, ஊசி இன்னும் போடல. ஊட்டு நாயாச்சேன்னு எல்லாம் வைரஸ் பாக்காது. ரேபிஸ் வந்து காமிச்சிட்டா அப்பால எந்த டாக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வராம தடுக்க மருந்து கீது, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஓசி.

ஊசின்னா ஏன் மூஞ்சி மாறுது? தொப்புள சுத்தி 14 ஊசின்னு ஒங்க அப்பன் பயமுறுத்தி வெச்சிட்டானா? அது எங்க காலம். அந்த பயய மருந்த 2004-லயே நிறுத்தியாச்சி. இப்ப ரெண்டு கையிலயும், தோலுக்குள்ள, சுருக்குன்னு ஒண்ணு ஒண்ணு. ஒன் குட்டி போட்ட கோட்டுல பாதி கூட வலிக்காது. ரத்தம் வந்த கடின்றதால காயத்த சுத்தி சீரம்னு ஒரு மருந்தும் போடுவாங்க, வேணாம்னு சொல்லாத. 10 நாளு குட்டிய கண்ணால பாத்துக்க சொல்லுவாங்க, ஆனா பாத்துட்டு அப்பால ஊசி போட்டுக்கலாம்னு தள்ளி போடாத, இன்னைக்கே ஆரமிக்கணும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கி போ. மொத ஊசி இன்னைக்கி, அப்பால 3-வது நாளு, 7-வது நாளு, 28-வது நாளு. மூணாவது ஊசியோட காயம் ஆறி பூடும், நாலாவதுக்கு போவ சோம்பலா இருக்கும். அந்த நாலாவதுக்கும் போ.